உளூ நீர் எங்கே போகிறது?



எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் பின்புறச் சந்தில் முதிய பெண்மணி ஒருவர் வசிக்கிறார். கணவரை இழந்தவர், இந்துச் சகோதரி, காலையில் இட்லி சுட்டு விற்றுப் பிழைப்பவர். கடந்த ரமளானில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து அச்சந்து வழியாக நான் வீடு திரும்பியபோது, என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "பாய், நீங்கள்லாம் கைகால் கழுவிட்டு சுத்தமாப் போய்த் தொழறீங்க, நல்லது. அந்தத் தண்ணி எங்க வாசல்ல வந்து நிக்குதே, அதை யார் கழுவறது?"

என்னிடம் பதில் இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக மதரஸாவில் தஹாரத் பாடம் நடத்தி வருகிறேன். எந்த நீர் தூய்மையானது, எந்த நீர் தூய்மைப்படுத்தாது, எந்த உறுப்பை எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதையெல்லாம் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். கழுவிய நீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் நான் அவர்களைக் கேட்டதில்லை. என்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் போய்ப் பார்த்தேன். உளூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியேறித் தெருச் சாக்கடையில் விழுகிறது. சாக்கடையோ மண்ணும் பாலித்தீன் பைகளும் அடைத்துப் பாதி மூடிக் கிடக்கிறது. போக வழியில்லாத நீர் அந்த அம்மையாரின் வாசற்படியைச் சுற்றித் தேங்கி நிற்கிறது; அதன்மேல் கொசுக்கள். அந்தச் சாக்கடையைப் பேரூராட்சி தூர்வாருவதில்லை என்று ஜமாஅத்தில் நாங்கள் பல ஆண்டுகளாகக் குறை கூறி வருகிறோம். அந்த நீர் எங்களுடையது என்பதை மட்டும் யாரும் சொன்னதில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அன்று முதல் தேநீர்க் கடைகளில் தங்கும் விடுதி, உணவகம், மனை விலை என்றே பேச்சு. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளியூரார் இங்கு வந்து பார்ப்பதற்கு முன், உள்ளூரார் இங்கு எப்படி வாழ்கிறோம் என்ற பேச்சும் எழ வேண்டாமா? 2015இல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட பதினேழு வளர்ச்சி இலக்குகளில் பதினொன்றாவது, மக்கள் நலமாக வாழத் தக்க, நீடித்து நிற்கத் தக்க நகரங்களை அமைப்பது பற்றியது. மாநாட்டு மண்டபங்களுக்கு உரிய பேச்சாகவே அது நமக்குத் தோன்றுகிறது. எனக்கோ அது அந்த அம்மையாரின் வாசற்படியில் தொடங்குகிறது.

கோட்டையையே எடுத்துக்கொள்வோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் எழுப்பியிருக்கிறார்கள். பார்ப்போர் அனைவரும் வியப்பது அந்த மதிலைத்தான். நான் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது முதலில் காட்டுவது சக்கரக்குளத்தையும் செட்டிக்குளத்தையும். மலைமேல் சுனைகள் இருக்கின்றன. கல்யாண மஹாலுக்கு மண் குழாய்கள் வழியாக நீர் கொண்டுவரப்பட்டிருக்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் இக்கோட்டையை முற்றுகையிட்டு நின்றார். உள்ளே மராட்டிய மன்னர் ராஜாராமின் படை. அத்தனை ஆண்டுகள் அவர்கள் தாக்குப்பிடித்ததற்கு மதிலும் பீரங்கியும் மட்டும் காரணமல்ல. தானியக் களஞ்சியமும், பெய்த மழையைப் பிடித்து வைத்த குளங்களும் சுனைகளும் சேர்ந்து அவர்களைக் காத்தன. பீஜப்பூர் சுல்தான்கள், சிவாஜி, முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கொடி மாறிக்கொண்டே இருந்தது. அக்குளங்களின் நீரை அத்தனை பேரும் குடித்தார்கள்.

இவ்வூரில் நீரைப் பிடித்து வைக்க வேண்டிய தேவைக்கு ஓர் அடிப்படைக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. நம் காலடியில் இருப்பது பாறை. ஆற்றுச் சமவெளியில் மணலும் வண்டலும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். இங்கே மேலே சில அடி மண். அதன்கீழ் உளுத்த பாறை. அதன்கீழ் இறுகிய பாறை. அதில் உள்ள வெடிப்புகளில் எவ்வளவு தேங்குமோ அவ்வளவுதான் நிலத்தடி நீர். ஆயிரம் அடி ஆழத்துக்குத் துளையிட்டாலும் வெடிப்பு அகப்படாவிட்டால் வெறும் கல்தூள்தான் பறக்கும். எனவே மழைநாளில் மேற்பரப்பில் நிறுத்தி மெல்ல இறங்கவிட்டால்தான் கோடையில் எடுக்க முடியும். இதை அறிந்துதான் முன்னோர் குளம் வெட்டினார்கள். நாம் முற்றத்துக்கு சிமெண்ட் பூசுகிறோம். எங்கள் பள்ளியில் பழைய கிணறு ஒன்று இருந்தது. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடும் என்று அதன்மேல் பலகைக் கல் போட்டு மூடி, முற்றம் முழுதும் தளம் போட்டுவிட்டார்கள். கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும் என்று தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியபோது நாங்களும் ஒரு குழி அமைத்தோம். அது இன்று குப்பையால் நிறைந்து கிடக்கிறது. இதற்கு எந்த அதிகாரியையும் குறை சொல்ல வழியில்லை.

ஃபெஞ்சல் புயல் நினைவிருக்கும். 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. சங்கராபரணி கரைபுரண்டது. வெள்ளம் வடிந்து ஆறே மாதத்தில், கோடை வந்ததும், தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களோடு நின்ற தெருக்களையும் கண்டோம். ஒரே ஊர், ஒரே ஆண்டு.

இனி நம் மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் நீரை விரயம் செய்யாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் கூறியதாக வரும் செய்தியை மேடைதோறும் கேட்கிறோம். இப்னு மாஜாவில் உள்ள அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு. கருத்து உண்மையானது, எனினும் மாணவனுக்கு நான் முதலில் காட்டுவது வேறொன்று. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூவும், ஒரு ஸாஃ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றினார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு.

அந்த அம்மையாரின் கேள்விக்குப் பின், மதரஸாவில் ஒரு சோதனை செய்தோம். குழாயின்கீழ் வாளியை வைத்து, வழக்கம்போல் உளூச் செய்யுமாறு பிள்ளைகளிடம் சொன்னேன். முதல் பையன் முடித்தபோது வாளியில் ஆறு லிட்டர். தலைக்கு மஸ்ஹுச் செய்கையிலும் அவனுடைய குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவன் ஐந்து, அதற்கடுத்தவன் ஏழு. "ஹஜ்ரத், நீங்களும் செய்ங்க" என்றான் ஒரு சிறுவன். செய்தேன். ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நான் அடக்கிக்கொண்டது வேறு. ஒரு வக்துக்கு அறுபது பேர் பள்ளியில் உளூச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஐந்து லிட்டர், ஐந்து வக்துக்கும் சேர்த்து நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். ஜுமுஆ நாளில் இன்னும் பல மடங்கு. பாறையின் வெடிப்பிலிருந்து மோட்டார் வைத்து உறிஞ்சி எடுத்து, அண்டை வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுகிறோம்.

இந்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சலாமே என்று நான் சொன்னபோது பெரியவர் ஒருவர் தயங்கினார். பாவங்கள் கழுவப்பட்ட நீராயிற்றே, மரத்துக்கு விடலாமா என்றார். தயக்கம் நேர்மையானது; எனவே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பயன்படுத்தப்பட்ட நீரை ஃபிக்ஹ் நூல்கள் 'முஸ்தஃமல்' என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபிலும், ஹனஃபி மத்ஹபில் ஃபத்வா வழங்கப்படும் கருத்திலும், அது தூய்மையானது. ஆனால் அதைக்கொண்டு மீண்டும் உளூவோ குளிப்போ நிறைவேற்ற முடியாது. நஜீஸ் அன்று. செடிக்கு ஊற்றலாம், தரையைக் கழுவலாம், நிலத்தில் இறங்கவிடலாம். சோப்பும் எண்ணெயும் கலவாத இந்த நீரைச் சீர்செய்வதற்கும் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மண் படிவதற்கு ஒரு சிறு தொட்டி. அடுத்து ஜல்லியும் மணலும் கரியும் நிரப்பிய ஓர் உறிஞ்சுகுழி. அல்லது நேரே மரப்பாத்திக்கு ஒரு வாய்க்கால். சமையலறைக் கழிவுநீரோடு சேராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீர் மேலிருந்து கீழே போவது இயல்பு. அந்த இயல்பிலிருந்து எழும் சண்டையும் பழையதே. மதீனாவின் ஹர்ரா பகுதியிலிருந்து இறங்கும் வாய்க்கால் தொடர்பாக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் இடையே வழக்கு எழுந்தது. ஸுபைரின் தோட்டம் மேலே. அன்ஸாரியின் தோட்டம் கீழே. மேலே இருப்பவர் பாய்ச்சிக்கொள்ளலாம், பின்னர் அண்டை வீட்டாருக்குத் திறந்துவிட வேண்டும் என்றே நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அன்ஸாரி அதை ஏற்காமல் மனம் புண்படப் பேசியபோதும், பாத்தியின் வரப்பை நீர் எட்டும்வரை நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஸுபைருக்கு முழுமையாகக் கொடுத்தார்களே தவிர, கீழே இருப்பவரின் பங்கை இல்லாமலாக்கவில்லை. மேலே இருப்பவனின் உரிமைக்கு ஒரு வரம்பு உண்டு என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. நல்ல நீருக்கே வரம்பு என்றால், நாம் அழுக்காக்கிய நீரைக் கீழே தள்ளுவதற்கு என்ன உரிமை?

செஞ்சிக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? நம் சாக்கடைகள் எந்த ஓடையில் விழுந்தாலும் கடைசியில் சேருமிடம் சங்கராபரணி. வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் அதற்குப் பெயருண்டு. நம் பக்கத்து மலைகளில் தோன்றி, தொண்டியாற்றோடு கூடி, 1959இல் கட்டப்பட்ட வீடூர் அணையில் தேங்கி, அங்கிருந்து புதுச்சேரிப் பகுதிக்குள் நுழைந்து கடலில் கலக்கிறது. வீடூர்ப் பாசன உழவரும் புதுச்சேரியின் வில்லியனூர் மக்களும் நம் அண்டை வீட்டார்தாம்.

பக்ரீத் காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் செஞ்சி ஆட்டுச் சந்தை வெளியூர் வியாபாரிகளும் தேடி வருவது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் விடியுமுன்பே அங்கே நிற்க இடமிராது. வாங்குகிறோம், வளர்க்கிறோம், குர்பானி கொடுக்கிறோம், ஏழைகளுக்கு இறைச்சி பங்கிடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். குடலும் சாணமும் இரத்தமும்? சில இடங்களில் ஒழுங்காகக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். சில இடங்களில் பையில் கட்டி இருட்டில் ஏரிக்கரையில் எறிகிறார்கள். மூன்றாம் நாள் அவ்வழியே போகும் அந்நியன் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறான். நம் வணக்கத்தைப் பற்றி அவன் அறியக் கிடைத்த ஒரே செய்தி அந்த நாற்றமாக இருக்கக் கூடாதல்லவா? மக்கள் நடக்கும் வழியிலும், அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியது என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. அபூதாவூதின் அறிவிப்பில் நீர்த்துறையும் சேர்கிறது. நிழல்கூடப் பொதுச் சொத்தாக எண்ணப்பட்டிருக்கிறது! அக்னி நட்சத்திர வெயிலில் இந்தப் பாறைகள் இரவு நெடுநேரம்வரை கக்கும் வெப்பத்தை அனுபவித்தவர்கள் அதன் பொருளை உணர்வார்கள். கூட்ரோட்டில் பேருந்துக்குக் காத்திருக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு புங்கமரம் எவ்வளவு பெரிய ஸதகா!

பாதையைப் பற்றியும் ஒரு சொல். வழி குறித்துப் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழ அகலம் விடவேண்டும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள தீர்ப்பு. அக்காலத்தில் சுமையேற்றிய ஒட்டகங்கள் இடையூறின்றிச் செல்ல வேண்டும். இன்று நம் தெருவில் ஆம்புலன்ஸ் செல்ல வேண்டும். ஜுமுஆ நேரத்தில் பள்ளியைச் சுற்றி நாம் நிறுத்தும் இருசக்கர வாகனங்களுக்கு இடையே ஏழு முழம் மிஞ்சுகிறதா என்று அளந்து பார்க்கலாம். கடைக்காரர் படிக்கட்டை நீட்டுவது தவறு என்றால், தொழுகையாளி வண்டியைக் குறுக்கே நிறுத்துவதும் தவறுதான். தொழவந்தவன் என்பதால் அவனுக்குச் சலுகை கிடையாது.

இவ்வளவையும் ஜமாஅத் கூட்டத்தில் சொன்னேன். இனிமையான கூட்டமாக அது இல்லை. "ஹஜ்ரத், வீட்டு வரி கட்டுறோம், சாக்கடையை அவங்கதான் பார்க்கணும்" என்றார் ஒருவர். அவர் கூறியதில் பாதி நியாயம். சாக்கடையைத் தூர்வாருவதும், குப்பையை வகைபிரித்து வாங்குவதும், ஊருக்கு முறையான கழிவுநீர் வசதி கேட்டுப் பெறுவதும் பேரூராட்சியின் கடமை, அதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் நம்மீதும் ஒரு கடமையை வைத்தன. மனுக் கொடுக்கும் கை சுத்தமாக இருந்தால், கேட்கும் குரலுக்கும் வலிமை கூடும். நம் குழாய் அந்த அம்மையாரின் வாசலில் திறந்திருக்கும்வரை நான் எந்த முகத்தோடு மனுவில் கையெழுத்திடுவது?

வேறொருவர் எழுப்பிய தடை இன்னும் கனமானது. உள்பள்ளிக்குப் புதுப் பளிங்குத் தளம் போட ஏற்கெனவே பணம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பணத்திலேயே குழியையும் வெட்டலாமே என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். கூடாது என்றார் அவர். அவர் சொன்னதே சரி. கொடுத்தவர் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தாரோ அதற்கே செலவிட வேண்டும்; வக்ஃபின் அடிப்படையே அதுதான். ஆகவே இதற்கென்று தனியாக வசூலிக்க வேண்டும். ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் வாங்கி மக்களுக்கென விட்டதை வாழ்நாளெல்லாம் சொல்லி வருகிறோம். பளிங்குக்குக் கொடுப்போரின் பெயர் பலகையில் பொறிக்கப்படும். குழிக்குக் கொடுப்போரின் பெயர் மண்ணுக்குள் போய்விடும். வசூல் மெதுவாகத்தான் நடக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

சென்ற வாரம் கொத்தனாரை அழைத்துவந்து இடத்தைப் பார்த்தோம். கடப்பாரையால் குத்திப் பார்த்தபோது நான்கு அடியில் பாறை தட்டியது. ஆழமான குழிக்கு இங்கே வழியில்லை; மதிலை ஒட்டி நீளவாக்கில் ஒரு பாத்தி வெட்டி, வேம்பும் புங்கனும் தென்னையும் வைத்து, மிகுதி நீரைப் பழைய மழைநீர்க் குழியைத் தூர்வாரி அதற்குத் திருப்பலாம் என்றார் அவர். மூடிய கிணற்றின் பலகைக் கல்லை எடுத்துவிட்டு, கம்பி வலை போட்டுக் கூரைநீரை அதில் இறக்கலாம் என்றும் சொன்னார். செங்கல், ஜல்லி, மணல், குழாய், மூன்று நாள் கூலி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் என் ஜிப்பாப் பையில் இருக்கிறது. எதிர்வரும் வெள்ளிக்கிழமை, ஜுமுஆ முடிந்ததும் நிர்வாகத்தின் முன் வைக்கவிருக்கிறேன். பின்சந்து அம்மையாரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று முத்தவல்லியிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.